பதினாறு பி-யில் குடிவருபவருக்கு

மின்விசிறி இரண்டு, குழல்விளக்கு மூன்று,
பின்கதவுத் தாழ்ப்பாள் ஒடிந்தது
என்று ஒப்படைப்புத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டேன்.
சேனைக்கிழங்குக்கு அதில் கட்டம் இல்லை.
அதனால் தனியாக இந்தக் கடிதம்,
மீட்டர் பெட்டிக்குள்.

ஞானசிகாமணி சார்,
குளியலறைத் தண்ணீர் போய் விழும் மூலையில்
பச்சைக் குடை ஒன்று விரிந்து நிற்கிறதே,
அது களையல்ல.
தண்டில் இருக்கும் புள்ளிகளைப் பார்த்துப் பாம்பென்று
ரஹ்மத் பீ வீட்டுப் பையன் ஆடியில் கல்லெறிந்தான்.
காயத்தோடுதான் நிற்கிறது.
பொய்கைச் சந்தையில் வாங்கி, மசியல் செய்து,
மிச்சத்தைப் புதைத்தேன். ஐந்து வருடம் ஆகிறது.

மாற்றல் உத்தரவு ஆவணியில் வந்தது.
ஆவணியில் ஆளைப் பெயர்க்கலாம்,
சேனையைப் பெயர்க்க முடியாது.
இலை நிற்கும்போது தோண்டினால்
கிழங்கு பாதி, தண்ணீர் பாதி.
ஒருமுறை அவசரப்பட்டுத் தோண்டி
வீடு முழுக்கத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

தை பிறக்கட்டும்.
காட்பாடி வெயில் ஆளைக் கொஞ்சம் விட்டுவைக்கும் மாதம்.
இலை மஞ்சளாகும், தண்டு தளரும்.
விடியலில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் போன அதிர்வில்
விழுந்ததுபோல ஒருநாள் கிடக்கும்.
செத்ததென்று குப்பை வண்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.
தண்ணீரை நிறுத்திவிட்டுப் பத்து நாள் சும்மா இருங்கள்.

பிறகு தோண்டலாம்.
கடப்பாரை வேண்டாம். மண்வெட்டியும் ஒரு முழம் தள்ளியே இறங்கட்டும்.
கைக்குத் தேங்காயெண்ணெய்; மறந்துபோய் அரித்தால் புளி.
கிழங்கின் நடுவில் குழிந்து ஒரு கண் இருக்கும்.
அறுக்கிற ஒவ்வொரு துண்டுக்கும்
அந்தக் கண்ணில் கொஞ்சம் போய்ச் சேர வேண்டும்,
பிறந்தநாள் கேக்கை நடுவிலிருந்து வெட்டுவோமே, அப்படி.
கண் கிடைக்காத துண்டு குழம்புக்கு.
வெட்டிய முகத்தில் சாணிப்பாலும் சாம்பலும் பூசி
கட்டிலுக்கடியில் போட்டுவையுங்கள்.
பாலாறுபோலக் காய்ந்து கிடக்கட்டும், ஒன்றும் ஆகாது.
சித்திரை கடைசியில் ஒரு மழை அடிக்கும்.
ஒன்றரை அடிக் குழி, அரைக்குழி சருகு,
கண் வானத்தைப் பார்த்து இருக்கட்டும்.

ஒரு துண்டு எனக்கு.
கும்மிடிப்பூண்டி பார்சல் ஆபீஸ் என்று போட்டால் போதும்.
இங்கே இரண்டாம் மாடி;
சிமெண்ட் சாக்கில் மண் நிரப்பி மாடிப்படியோரம் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செங்கமலம், சிக்னல் பிரிவு.

*

தை போனது. மாசி போனது.
பார்சல் ஆபீஸில் இரண்டுமுறை கேட்டேன்,
மூன்றாம்முறை கேட்க வெட்கமாக இருந்தது.

வைகாசியில் ஒரு ராத்திரி, பத்தரை மணிக்கு,
ரஹ்மத் பீயிடம் எண் வாங்கிக் கூப்பிட்டார்.
"எலி செத்த நாற்றம்மா. மூன்று நாளாச்சு.
கட்டிலைப் புரட்டினோம், தொட்டியை இறைத்தோம்,
பரண்மேல் ஏறி மைத்துனன் இறங்கமாட்டேன் என்கிறான்.
உங்கள் காலத்திலும் இப்படித்தானா?"

மீட்டர் பெட்டியைத் திறந்தீர்களா என்றேன்.
அவர் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி போனது,
நீளமானது. முடியும்வரை இருவரும் காத்திருந்தோம்.

குளியலறை மூலையில் டார்ச் அடியுங்கள் என்றேன்.
செருப்புச் சத்தம். ஒடிந்த தாழ்ப்பாள்.
யாரோ ஒரு பெண் "ஐயோ கர்த்தரே" என்றாள்.
"மண்ணிலிருந்து... மூளை மாதிரி, கருஞ்சிவப்பா...
சுத்தி ஒரே ஈ. வெட்டிடவா?"

வெட்டாதீர்கள், அது பூ.
இரண்டு நாளில் நாற்றம் போய்விடும்,
பின்னாலேயே குடை வரும்.
துண்டு அடுத்த தையில் அனுப்பினால் போதும்.

சாக்கில் இதற்குள் கீழ்வீட்டுக்காரர்
கொத்தமல்லி தூவியிருந்தார்.
அது தைக்கு முன்னாலேயே முடிந்துவிடும்.